அளவுக்கு நின்ற ஆள்

தென்காசியில் சங்கரசுப்பிரமணியனிடம் கூத்தன்துறைக் கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், கேட்டவனின் அன்றைய பொழுது போயிற்று. அவன் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பான், வாங்க வந்த கறிவேப்பிலையை மறந்திருப்பான். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ கிழக்கே கடற்கரையில் இடிந்து கிடக்கும் ஒரு கோட்டையை நாற்பது வருஷமாகத் தலையில் தூக்கிச் சுமக்கும் மனிதரை ஊர் சும்மா விடுமா? ‘கோட்டை சார்’ என்று பெயர் வைத்துவிட்டது. அவர் மனைவி அகிலாண்டம் வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுதினால் அந்த அம்மாளுக்குக் கோபம் வரும்.

பழைய கட்டடங்களை அளந்து, போட்டோ எடுத்து, படம் வரைந்து கொடுக்கும் அரசாங்க உத்தியோகம் அவருக்கு. ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. மகன் ஸ்ரீகணேஷ் பெங்களூரில். உத்தியோகத்தில் அவர் சம்பாதித்த ஒரே பெருமை, ‘கூத்தன்துறைக் கோட்டை வரலாறு’ என்ற அறுபத்து நான்கு பக்கப் புத்தகம். அவரே எழுதி, அவரே படம் பிடித்து, துறை அச்சிட்டது. மூன்று பதிப்பு கண்டது என்பதை அவர் சொல்லாமல் நீங்கள் அந்த வீட்டைவிட்டு வெளியே வர முடியாது.

கதையை அவர் நன்றாகத்தான் சொல்வார். முதலில் அங்கே ஒரு குறுநிலத் தலைவன் மண்சுவர் எழுப்பி உட்கார்ந்திருந்தான். போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து அவனைத் துரத்திவிட்டு மண்சுவரைக் கல்சுவராக்கினார்கள். பீரங்கி அத்தனையும் கடலைப் பார்த்து நின்றது. ஆபத்து கடல்வழியாக வரும் என்று நினைத்தார்கள். டச்சுக்காரர் அப்படியே வந்தார்கள். டச்சுக்காரர் கொத்தளங்களை அகலமாக்கி, பாதிப் பீரங்கியைக் கடலுக்கும் பாதியை ஊருக்குமாகத் திருப்பி வைத்தார்கள். துணி மூட்டைகளை அடுக்கி எண்பது வருஷம் காவல் காத்தார்கள். காய்ச்சல் கண்டு செத்த தளபதிகள் நாலு பேரை உள்ளேயே புதைத்தார்கள். அந்த நாலு பேர் பெயரையும் சங்கரசுப்பிரமணியன் மூச்சுவிடாமல் சொல்வார், வாயில் நுழையாத பெயர்கள். பிறகு திருவிதாங்கூர்ப் படை பதினோரு வருஷம் இருந்தது. அதற்குப் பிறகு இங்கிலீஷ்காரன் வந்து எல்லாப் பீரங்கியையும் ஊரைப் பார்க்கத் திருப்பினான். அவனுடைய பயம் பாளையக்காரர்கள் மேல். அந்தப் பயமும் தீர்ந்த பிறகு, 1825இல், கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

‘அதன் பின் கோட்டை ஆளரவமற்றுக் கிடந்தது.’ புத்தகத்தின் கடைசிப் பக்கம் இந்த வரியில் முடிகிறது. சொல்லும்போதும் இதே வரியில்தான் முடிப்பார், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு.

அந்த வரி பொய். அது அவருக்கும் தெரியும்.

ஆனி மாதம். சாரல் பிடித்து ஆறு நாளாக வெயில் முகம் காட்டவில்லை. கொடியில் போட்ட வேட்டி மூன்றாவது நாளும் ஈரமாகவே நாறிக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குக் கூட்டம் கூட்டமாய்ப் போகிறவர்களுக்குச் சாரல் ஒரு கொண்டாட்டம். தென்காசியில் குடியிருப்பவனுக்கு அது சுவரில் பூக்கும் பூஞ்சை. அப்படி ஒரு காலையில்தான் முகம்மது சலீம் வந்து வாசலில் நின்றார். ஐம்பதை நெருங்கும் வயது, வெயிலில் காய்ந்த முகம், மார்போடு அணைத்த பாலிதீன் பை.

“கோட்டையப் பத்தியா? வாங்க, உக்காருங்க. எங்கேருந்து வாரீங்க?” சங்கரசுப்பிரமணியனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“கூத்தன்துறையிலேருந்து வாரேன் சார். கோட்டைக்குள்ள இருந்து.”

அவர் விசிறி சுவிட்சில் வைத்த கையை எடுக்கவில்லை. கோட்டைக்குள்ளிருந்து ஒருவர் என்றாவது வருவார் என்று அவர் முதல் சில வருஷங்கள் பயந்தார். பிறகு மறந்தார். மறந்தது நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்திருந்தார்.

சலீம் சுற்றி வளைக்காமல் சொன்னார். கோட்டைக்குள் பதினான்கு வீடு இருக்கிறது. வெள்ளைக்காரன் போன பிறகு ஒரு புயலில் ஊர் அழிந்து, அடைக்கலமாக உள்ளே புகுந்த மீன்பிடிக் குடும்பங்களின் வாரிசுகள். இப்போது அங்கே பூங்காவும் ஒளிக்காட்சியும் வரப்போகிறதாம். நீங்களெல்லாம் 1985இல் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்த பிறகு புகுந்த ஆக்கிரமிப்பாளர்கள், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 1985க்கு முன்பே இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறது கோர்ட்.

“கோட்டைக்கு டோர் நம்பர் கிடையாதுல்லா சார். ரேஷன் கார்டு, ஓட்டு லிஸ்ட் எல்லாத்துலயும் பக்கத்து ஊரு பேருதான் கிடக்கு. சர்க்கார் பக்கம் அவுக காட்டுத ஒரே ஆதாரம் எது தெரியுமா? உங்க புக்கு. ஆளே இல்லன்னு நீங்க எழுதியிருக்கிய.”

அகிலாண்டம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

சலீம் பாலிதீன் பையைப் பிரித்தார். உள்ளே இன்னொரு பை. அதற்குள் முதல் பதிப்பு, முனை மடங்கி, எண்ணெய்க் கறை பட்டு. பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார். மேற்குக் கொத்தளத்தின் படம். கொத்தளத்தின் அடியில், கைலியைத் தூக்கிக் கட்டிய ஒல்லியான ஒருவர், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட அளவுகோலைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். படத்தின் கீழே எழுதியிருக்கிறது: ‘மேற்குக் கொத்தளம் (அளவுக்கு ஓர் ஆள்).’

“இது எங்க வாப்பா” என்றார் சலீம்.

பதினெட்டாம் பக்கம், வடக்கு வாசல், அளவுக்கு ஓர் ஆள். இருபத்தேழு, வெடிமருந்துக் கிடங்கு, அளவுக்கு ஓர் ஆள். இப்படி ஏழு படம். இடிந்த சுவரை வெறுமனே படம் பிடித்தால் அது எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குப் புரியாது. பக்கத்தில் ஒரு மனிதனை நிறுத்தினால் புரியும். உலகம் பூராவும் அந்தத் தொழிலில் உள்ள வழக்கம்தான். நிற்கிற மனிதன் யார் என்று கேட்கிற வழக்கம் மட்டும் கிடையாது.

“வாப்பா மௌத்தாகி இருவத்தெட்டு வருசமாச்சு. எங்க வீட்டுல அவுக போட்டோ வேற ஒண்ணு கிடையாது. பாக்கணும்னு தோணிச்சுன்னா உம்மா இந்த புக்கத்தான் எடுப்பாக.” சலீம் பக்கத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். “இவரு இன்னாரு, அப்பவே குடும்பத்தோட உள்ள இருந்தாருன்னு நீங்க ஒரு வார்த்த கோர்ட்டுல சொன்னாப் போதும் சார். எழுதுனவரே சொன்னா மறுக்க முடியாதுன்னு வக்கீல் சொல்லுதாங்க.”

சங்கரசுப்பிரமணியனுக்கு எல்லாம் நினைவு வந்தது. வரவேண்டாம் என்று நினைத்ததுதான் முதலில் வந்தது. 1984, மாசி மாதம், நாற்பத்தொரு நாள். வயது இருபத்தேழு. தங்க இடமில்லை. அந்த ஒல்லி மனிதர்தான் தன் வீட்டின் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். இவர் சைவம் என்று தெரிந்ததும் அவர் மனைவி மீன் படாத புதுப் பானை ஒன்று வாங்கி, அதில் தனியாக உலை வைத்துப் பொங்கிப் போட்டாள். நாற்பத்தொரு நாளும். பீரங்கி நின்ற சுவர் ஓட்டை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் அடுப்பங்கரை ஜன்னலாக இருந்தது. அந்த ஜன்னல் வழியாகத் தட்டு வரும்.

பகலெல்லாம் வேலை. காமிராவை முக்காலியில் மாட்டி ஐம்பது அடி தள்ளி நிற்பார். கடற்காற்றில் குரல் எட்டாது. அதனால் கை தட்டுவார். ஒரு தட்டு என்றால் வந்து நில். இரண்டு என்றால் இடப்பக்கம் போ. மூன்று தட்டினால் போதும், வா. அந்த மனிதர் ஒருநாள்கூடத் தப்பு செய்ததில்லை.

திரும்பி வந்து அறிக்கை எழுதும்போது படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, தற்போது குடியிருப்போர் என்று. மேலதிகாரி சொன்னார்: “குடி இருக்குன்னு எழுதுனா ஃபைல் வருவாய்த் துறைக்குப் போகும். பத்து வருசம் தூங்கும். அதுக்குள்ள காண்ட்ராக்டர் கோட்டையக் கல்லு கல்லாப் பேத்து, கடலரிப்புக்குப் போடுத தூண்டில் வளைவுக்குக் கொண்டுபோயிருவான். உமக்குக் கோட்டை வேணுமா வேண்டாமா?” வேண்டும். அந்தக் கோட்டை மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. கிழக்குச் சுவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை அவரே கண்ணால் பார்த்திருந்தார். கட்டத்தில் ‘எவருமிலர்’ என்று எழுதினார். வரைபடத்தில் பென்சிலால் போட்டிருந்த பதினோரு வீட்டையும் ரப்பர் வைத்து அழித்தார். கல் பிழைத்தது. அதில் அவருக்கு இன்றுவரை சந்தேகமில்லை, அவர் பொய் சொல்லியிருக்காவிட்டால் இன்று இடிக்கவோ காக்கவோ அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

“சொல்லுதேன்” என்றார் சங்கரசுப்பிரமணியன். “நான் எழுதுனது தப்புன்னு எங்க வேணாலும் வந்து சொல்லுதேன்.”

சலீம் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் சங்கரசுப்பிரமணியனுக்கு ஒன்று உறைத்தது. இவர் வாப்பா, வாப்பா என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதர் பெயர் என்ன?

கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. நாற்பத்தொரு நாள் ஒருவர் வீட்டில் தின்றுவிட்டு, அவர் பிள்ளையிடமே அவர் பெயரை எப்படிக் கேட்பது?

சலீம் போன பிறகு பரணிலிருந்து களக் குறிப்பேடுகளை இறக்கினார். மூன்று நோட்டு. நாற்பத்தொரு நாளும் தேதி வாரியாக இருந்தது. பீரங்கிகளின் நீளம் இருந்தது. சுண்ணாம்புச் சாந்தில் எத்தனை பங்கு மணல் என்று இருந்தது. டச்சுக் கல்லறையில் ஓர் ஓரம் உடைந்திருப்பதை ஒரு பக்கம் எழுதியிருந்தார். தேடியது கிடைத்தது, முதல் நோட்டின் நாலாம் பக்கத்தில்: ‘அளவுக்கு ஆள் ஒருவர் கிடைத்தார். உயரம் ஐந்தடி ஆறரை அங்குலம்.’ அதற்கப்புறம் எல்லா இடத்திலும் ‘ஆள்’. ஆள் வந்தார், ஆளுக்குக் காய்ச்சல், இன்று வேலையில்லை.

“என்னத்தத் தேடுதீங்க?” என்று அகிலாண்டம் வந்து நின்றாள்.

“ஒரு பேரு.”

“யாரு பேரு?”

சொன்னார். முழுவதையும் சொன்னார். புதுப் பானை உட்பட. அகிலாண்டம் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

“ஒன்றரை மாசம் சோறு போட்டிருக்காங்க. அந்தப் பொம்பளைக்கு என்ன பேரு?”

அதுவும் தெரியாது. அகிலாண்டம் நோட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வக்கீல் மஞ்சு வரச்சொன்ன அறை பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. கீழே பரோட்டாக் கடை, பேசும்போதெல்லாம் கல்லில் கரண்டி அடிக்கும் சத்தம். சுறுசுறுப்பான பெண், முப்பது முப்பத்திரண்டு வயது. சாட்சி தென்காசிக்காரர், வயதானவர் என்பதால் இங்கேயே வந்து பார்த்துவிடலாம் என்று சலீமோடு திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். அறை அவள் சிநேகிதியுடையது. மடிக்கணினியைத் திறந்து பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். சங்கரசுப்பிரமணியன் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. தேதி, வீடுகளின் எண்ணிக்கை, அடுப்பங்கரை ஜன்னல்கள், எதிலும் அவருக்குத் தடுமாற்றம் இல்லை.

“சூப்பர் சார். இப்ப முக்கியமான பாயிண்ட். போட்டோவுல இருக்கவரு பேரு?”

கீழே கரண்டி அடிக்கும் சத்தம் கேட்டது.

“ஐந்தடி ஆறரை அங்குலம் இருப்பாரு” என்றார் சங்கரசுப்பிரமணியன்.

“உயரம் வேண்டாம் சார். பேரு.”

அவர் மேஜையைப் பார்த்தார். வயதாகிவிட்டது, மறந்துபோயிற்று என்று சொல்லலாம். நாலு டச்சுத் தளபதிகளின் பெயரைச் சொல்கிறவன் அதை யாரிடம் சொல்வது? சலீம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அந்தப் பார்வையில் அவசரம் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சலீமுக்கு விளங்கியது. விளங்கியதைச் சங்கரசுப்பிரமணியன் பக்கவாட்டில் பார்த்தார். அவருடைய அறுபத்தெட்டு வருஷத்தில் அவ்வளவு கூசிப்போனது இல்லை.

“மைதீன் பிச்சை” என்றார் சலீம். “எழுதிக்கோங்க மேடம்.”

மஞ்சு விரலை எடுத்துவிட்டாள். “நீங்க சொல்லக்கூடாதுண்ணே. சார்தான் சொல்லணும். கோர்ட் அனுப்புற கமிஷனர் வந்து விசாரிப்பாரு. எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல இதத்தான் கேப்பாரு. ஆளத் தெரியும், பேரு தெரியாதுன்னா, இப்ப சொல்லிக்கொடுத்து வந்து நிக்காருன்னு ஒரே நிமிஷத்துல தூக்கிப் போட்டுருவாங்க.”

“சாருக்குத் தெரியும் மேடம்” என்றார் சலீம், அவரைப் பார்க்காமல். “பேரச் சொல்லத் தயங்குதாரு. வாப்பாவ நெனச்சு மனசு கஷ்டப்படுதாரு.”

மஞ்சு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ‘எனக்கு நன்கு அறிமுகமான மைதீன் பிச்சை என்பவர்’ என்று தட்டினாள். சங்கரசுப்பிரமணியன் கையெழுத்துப் போட்டார்.

மாடிப்படி இறங்கும்போது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சலீம் முந்திக்கொண்டார். “பரவால்ல சார். பதினாலு வீடு இருக்கு. நீங்க பேர மட்டும் மறந்துராதீங்க.” கோபமாகச் சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதில் கோபமே இல்லை.

அடுத்த பதினைந்து நாளும் சங்கரசுப்பிரமணியன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தார். மைதீன் பிச்சை, மைதீன் பிச்சை. ஐந்தருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு சொன்னார். அங்கே யார் என்ன கத்தினாலும் யாருக்கும் கேட்காது. பெங்களூரிலிருந்து ஸ்ரீகணேஷ் கூப்பிட்டு, இந்த வயதில் கோர்ட்டு வழக்கெல்லாம் வேண்டாம், பொய் அறிக்கை கொடுத்ததற்குப் பென்ஷனில் கைவைப்பார்கள் என்று பயமுறுத்தினான். “வைக்கட்டும்” என்று ஃபோனை வைத்துவிட்டார். உண்மையைச் சொல்வதில் அவருக்குப் பயமில்லை. அவர் பயமெல்லாம் சொல்லப்போகிற பொய்யில்தான் இருந்தது.

சாட்சி விசாரிக்கக் கோர்ட் நியமித்த கமிஷனர், ஓய்வு பெற்ற நீதிபதி. தென்காசியில் ஆயிரம் இடமிருக்க, குற்றாலத்தில் ஒரு பங்களாவைத்தான் அவர் விசாரணைக்குத் தேர்ந்தெடுத்தார். ஆனி மாதம், அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, மனிதர்தானே. காலையில் குளித்துவிட்டு, ஈரத் தலையைத் துவட்டியபடியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் எண்ணெய் பளபளத்தது.

கோட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். உள்ளே இடமில்லாததால் வராந்தாவில் ஜன்னலை ஒட்டி நின்றார்கள். மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. தாழ்வாரத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மஞ்சு கேட்டதற்கெல்லாம் சங்கரசுப்பிரமணியன் ஒழுங்காகப் பதில் சொன்னார். ‘ஆளரவமற்றுக் கிடந்தது’ என்ற வரி பொய் என்றார். அறிந்தே எழுதினேன் என்றார். பதினோரு வீட்டை ரப்பரால் அழித்தேன் என்றார். அந்தக் கோட்டையை ஆண்டவர்கள் எல்லாரையும்விட அதிக காலம் அதில் இருந்தது இவர்கள்தான், நூற்றைம்பது வருஷத்துக்கு மேல், அவர்களுக்கு நான் ஒரு வரி கொடுக்கவில்லை என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அது நடிப்பில்லை.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“படத்துல நிக்கிறவர் யாரு?”

“மைதீன் பிச்சை.”

“இது போன வாரம் சொல்லிக்கொடுத்த பேரா?”

“இல்ல.”

“நாப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால பாத்த ஒரு கூலியாள் பேரு இன்னும் ஞாபகம் இருக்கு?”

“கூலியாள் இல்ல. அவர் வீட்டுலதான் நான் இருந்தேன்.”

“சரி. அவர எப்படிக் கூப்பிடுவீங்க?”

இதை மஞ்சு சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சங்கரசுப்பிரமணியனின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. அவர் அவற்றை மேஜைக்கு அடியில் தள்ளிக்கொண்டார்.

“பேரு சொல்லித்தான்” என்றார், ஜன்னலுக்கு வெளியேயும் கேட்கும்படி. “மைதீன் பிச்சைன்னு கூப்பிடுவேன். உடனே வருவாரு.”

எதிர்த்தரப்பு வக்கீல் காகிதத்தைப் புரட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கமிஷனர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். “பதிவுக்கு இல்ல, சும்மா சொல்றேன்” என்று ஆரம்பித்தார். “எத்தனையோ ஆபீசர்களப் பாத்திருக்கேன். ஒரு ஏழை மனுஷன் பேர நாப்பது வருஷம் மனசுல வச்சிருந்து, தன் தப்ப ஒத்துக்க வந்து நிக்கிறவர நான் பாத்ததில்ல. நீங்க பெரிய மனுஷன் சார்.”

சங்கரசுப்பிரமணியன் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வெளியே வந்ததும் மஞ்சு, காலி செய்யச் சொன்னதற்கு வாங்கிய தடை உத்தரவை இனிமேல் யாராலும் அசைக்க முடியாது, வீடுகள் தப்பித்த மாதிரிதான் என்றாள். வேனில் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் சால்வை போர்த்த வந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டார். சலீம் மட்டும் சற்றுத் தள்ளி, தூணில் சாய்ந்து, மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்படியாவது ஒரு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று இருந்தது சங்கரசுப்பிரமணியனுக்கு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். வெள்ளைத் துப்பட்டி, கூன் விழுந்த முதுகு. சலீமின் உம்மா. சங்கரசுப்பிரமணியனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்தது.

“ஆபீசரு நல்லாருக்கியளா? முடியெல்லாம் கொட்டிப்போச்சே.”

“நல்லாருக்கேம்மா.”

“ஜன்னல் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டேன்.” துப்பட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவுக ராத்திரி சோறு திங்க உக்காந்தா சொல்லுவாக. ஆபீசரு என்னய மத்தவங்க மாதிரி நடத்த மாட்டாரு, மைதீன் பிச்சைன்னு பேரு சொல்லித்தான் கூப்பிடுவாருன்னு. நான் நம்பல. அடுப்பங்கரையிலேருந்து பாத்தா எனக்குத் தெரியுமே, நீங்க கையத் தட்டுவிய, அவுக ஓடுவாக. ஏன் இப்படிப் பெருமைக்குப் பொய் சொல்லுதியன்னு ஒரு நா கேட்டுட்டேன். அப்புறம் அவுக அதச் சொல்லவே இல்ல. மௌத்தாகுத வரைக்கும் சொல்லல.”

சலீம் தூணைவிட்டு நிமிர்ந்தார். ஒரு எட்டு முன்னால் வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“இன்னிக்கு ஆண்டவன் என் காதால கேக்க வச்சான். தூரத்துல இருந்து பாத்த எனக்குக் கைதான் தெரிஞ்சிருக்கு, சத்தம் கேக்கல. பொய் சொல்லாத மனுசன நான் பொய்யன்னுட்டேன். கோட்டைச் செவுத்த ஒட்டித்தான் அவுகள அடக்கியிருக்கு. இப்பம் போனதும் அங்கன நின்னு மாப்பு கேக்கணும்.” அவர் முகத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். “நீங்க ஒரு தடவ எனக்குச் சொல்லிருங்கய்யா. பேரு சொல்லித்தானே கூப்பிடுவிய?”

உள்ளே சொன்னது கோர்ட்டுக்கு. இது கோர்ட் இல்லை. இங்கே யாரும் சத்தியம் வாங்கவில்லை, யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இந்த ஒரு ஆளிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்த அம்மாள் இத்தனை காலம் நினைத்தது சரியாகிவிடும். செத்துப்போன மனிதர் மறுபடியும் பொய்யராகிவிடுவார்.

“ஆமாம்மா” என்றார் சங்கரசுப்பிரமணியன். “பேரு சொல்லித்தான் கூப்பிடுவேன்.”

அந்த அம்மாள் அவர் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.